மேடே இல்லாத ஊரிலிருந்து மலையேற ஒரு ஃபோர்க்

"ஏந்தம்பி, இங்கின எந்த மலை இருக்குன்னு ஷாக்கை மாத்துறீய?" என்று சைக்கிள் கடை பாய் கேட்டதில் தப்பே இல்லை. உச்சிப்புளியிலிருந்து எந்தப் பக்கம் மிதித்தாலும் பனையும் உடைமரமும்தான். ராமேஸ்வரத்தில் கந்தமாதன பர்வதம் என்று பேரிலேயே பர்வதத்தை வைத்துக்கொண்டு ஒரு சின்னக் குன்று இருக்கிறது, ஏற ஆரம்பித்தோமா என்று யோசிப்பதற்குள் ராமர் பாதத்துக்குப் போய்விடலாம். எங்களுக்கு ஏற்றம் என்றால் பாம்பன் சாலைப் பாலம்தான். 1988-ல் திறந்தது, 2 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல் நீளம், அடியில் கப்பல் போவதற்காக நடுவில் வில் போலத் தூக்கிக் கட்டியது. ஆடி மாதத்தில் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றில் தீவிலிருந்து மண்டபம் பக்கம் திரும்பி வந்து பாருங்கள், அந்த ஒரு மேடே நாலு மேடு போலிருக்கும்.

நான் மண்டபத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். மலையேறும் ஆசை திண்டுக்கல்லில் இருக்கும் மச்சானால் வந்தது. மனைவியின் அண்ணன், அடிக்கடி சிறுமலைக்குச் சைக்கிளில் போகிறவர். "மாப்ள, 18 கொண்டை ஊசி வளைவு, ஒரு தடவை ஏறிட்டா அப்புறம் உங்க பாலத்துல மிதிக்க மனசே வராது" என்று ஒரு தீபாவளிக்குச் சொல்லிவிட்டுப் போனார், அது மண்டைக்குள் உட்கார்ந்துவிட்டது.

என்னிடம் இருந்தது மதுரையில் வாங்கிய கியர் சைக்கிள், 27.5 அங்குலச் சக்கரம், முன்னால் 100 மில்லிமீட்டர் டிராவல் உள்ள சுருள் ஸ்பிரிங் ஃபோர்க். முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் கவைதான் ஃபோர்க், பாய் ஷாக் என்றது இதைத்தான். டிராவல் என்றால் ஃபோர்க் எவ்வளவு தூரம் அமுங்கும் என்ற கணக்கு, அவ்வளவுதான். பாலத்தில் எழுந்து நின்று மிதித்தால் முன்பக்கம் தொட்டில் போல ஆடும். ஃபோர்க் அமுங்காமல் பூட்டி வைக்க மேலே லாக் அவுட் என்று ஒரு பிளாஸ்டிக் திருகு இருந்தது, அது லாக்கும் ஆகாது, அவுட்டும் ஆகாது. அது போதாதென்று முன்சக்கரத்துக்கு மேலே பளபளவென்றிருக்கும் அந்த இரண்டு குழாய், ஸ்டான்ஷன் என்பார்கள், அதில் இரண்டே வருடத்தில் அம்மைத் தழும்பு போலப் புள்ளி புள்ளியாகத் துரு. இரும்புக் குழாயில் குரோம் பூசியது, உப்புக்காற்று குரோமில் ஒரு ஊசிமுனை இடம் கிடைத்தால் போதும், உள்ளே இறங்கிவிடும். நகத்தை வைத்து மேலிருந்து கீழே இழுத்தேன், தடுக்கியது. தடுக்கும் இடமெல்லாம் ரப்பர் சீலைக் கிழிக்கும், சீல் கிழிந்தால் மணல் உள்ளே போகும், அப்புறம் அது ஃபோர்க் இல்லை, உரல்.

சரி, மாற்றியாக வேண்டும். இங்கேதான் முதல் தப்பைச் செய்தேன். மலை பெரிது, அதனால் ஷாக்கும் பெரிதாக இருக்க வேண்டும் என்று நானாக ஒரு கணக்குப் போட்டு, 140 மில்லிமீட்டர் டிராவல் உள்ள, சுருளுக்குப் பதில் காற்றே ஸ்பிரிங்காக வேலை செய்யும் பழைய காற்று ஃபோர்க் ஒன்றை வெளியூர்க்காரர் ஒருவரிடம் 11,000 ரூபாய்க்கு வாங்கினேன். போட்டோவில் ராஜா மாதிரி இருந்தது. பார்சல் வந்ததும் பாய் கடையில் மாட்டி, பாலத்தில் ஓட்டிப் பார்த்து, பரவாயில்லையே என்று நினைத்துக்கொண்டேன். பாலத்தின் சரிவில் எதுவும் தெரியாது என்பது அப்போது தெரியாது.

சிறுமலைக்குப் போன கதையைச் சொல்ல வேண்டும். சித்தி மகன் டாடா ஏஸ் ஓட்டுகிறான், திண்டுக்கல்லுக்குக் கருவாட்டு லோடு போகும் ஒரு ராத்திரியில் மூட்டைகளுக்கு மேலே சைக்கிளைக் கட்டிக்கொண்டு போனோம். மறுநாள் அடிவாரத்தில் மச்சான் என் சைக்கிளை முகர்ந்து பார்த்துவிட்டு, இரண்டு சைக்கிள் தூரம் விட்டே வந்தார்.

முதல் மூன்று வளைவு வரை எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஒரு வளைவில் எதிரே பஸ் வந்ததால் உள்பக்கமாக ஒதுங்கினேன். கொண்டை ஊசியில் உள்பக்கம்தான் இருப்பதிலேயே செங்குத்து என்பது மலைக்காரர்களுக்குத் தெரியும், கடற்கரைக்காரனுக்கு யார் சொல்வது. கீழ்க் கியரில் ஒரு அழுத்து அழுத்தினேன், முன்சக்கரம் தரையை விட்டு எழுந்தது. பயந்து மிதிப்பதை நிறுத்தினால் சைக்கிள் நின்றுவிட்டது, காலை ஊன்றி நின்றேன். பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்த பாட்டி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. அதற்கப்புறம் மேலே போகும் வரை இதே கதை. 5, 6 கிலோமீட்டர் வேகத்தில் முன்சக்கரம் குடித்தவன் போல இடமும் வலமும் அலைந்தது, அதைப் பிடித்து நேராக்குவதிலேயே தோள் விட்டுப்போனது. பழையூர் போய்ச் சேர்ந்து டீ குடிக்கும்போது மச்சான் சைக்கிளைப் பக்கவாட்டில் நின்று பார்த்துவிட்டு, "மாப்ள, உங்க சைக்கிள் நாய் உட்காந்த மாதிரி இருக்கே" என்றார். பின்பக்கம் தாழ்ந்து, முன்பக்கம் தூக்கி. அப்படியேதான் இருந்தது.

வீட்டுக்கு வந்து இஞ்ச் டேப்பை எடுத்து இரண்டு ஃபோர்க்கையும் அளந்தேன். சக்கர அச்சு உட்காரும் இடத்திலிருந்து ஃபோர்க்கின் தோள் வரை, அதாவது ஃபிரேமுக்குள் நுழைவதற்கு முந்தைய இடம் வரை. பழையது 49 சென்டிமீட்டர், புதியது 53. இந்த 4 சென்டிமீட்டர்தான் வில்லன். தோராயமாக 2 சென்டிமீட்டர் முன்பக்கம் உயர்ந்தால் ஹேண்டில் தண்டின் சாய்வு 1 டிகிரி பின்னால் படுக்கும், சீட் தண்டும் அதே அளவு பின்னால் சாயும். எனக்கு 2 டிகிரி. இறக்கத்தில் இது நல்லது, சைக்கிள் குப்புற விழாது என்ற தைரியம் வரும். ஏற்றத்தில் உடம்பு எடை முழுக்கப் பின்சக்கரத்துக்கு மேலே போய்விடும், முன்சக்கரத்தில் கனம் இல்லாததால் அது எழும்பும், எழும்பாத நேரத்தில் அலையும். 100-க்கு வடிவமைத்த ஃபிரேமில் 140 போடுவது ஃபிரேமின் கழுத்துக்கும் ஆபத்து, வாரன்டியும் போகும். 120 வரை ஏற்றுக்கொள்ளும் ஃபிரேம்கள் உண்டு, உங்கள் ஃபிரேம் கம்பெனி என்ன அளவு சொல்லியிருக்கிறது என்று பார்த்துவிட்டு அதற்குள் நில்லுங்கள்.

அதிக டிராவல் என்பது இறங்குவதற்கு. ஏறும்போது ஃபோர்க் நமக்கு எந்த உதவியும் செய்வதில்லை, தொந்தரவு பண்ணாமல் இருந்தால் அதுவே பெரிய உதவி. தாழ்வாக இருக்க வேண்டும், ஆடாமல் இருக்க வேண்டும். ஏறும்போது மட்டும் உயரத்தைக் குறைத்துக்கொள்ளும் ஃபோர்க்குகளும் வந்தன, ராக்‌ஷாக்ஸில் டூயல் பொசிஷன், ஃபாக்ஸில் தாலஸ். நல்ல யோசனைதான், ஆனால் உள்ளே சமாச்சாரம் அதிகம், ராமநாதபுரம் ஜில்லாவில் அதைப் பிரித்து மாட்ட ஆளைத் தேடி நான் எங்கே போவேன்.

உடனே வேறு ஃபோர்க் வாங்கப் பணம் இல்லை, அதனால் செலவில்லாமல் செய்ததை முதலில் சொல்கிறேன். ஹேண்டிலை ஃபோர்க்கின் தண்டோடு பிடித்திருக்கும் துண்டுதான் ஸ்டெம், அதற்குக் கீழே வளையம் வளையமாக ஸ்பேசர் இருக்கும், அதைக் கழற்றி ஸ்டெம்முக்கு மேலே போட்டால் ஹேண்டில் 2 சென்டிமீட்டர் வரை தாழும். சீட்டை அதன் தண்டவாளத்தில் முன்னுக்குத் தள்ளினேன். ஏறும்போது சீட்டின் மூக்கு நுனியில் உட்கார்ந்து முழங்கையைக் கீழே மடக்கிப் பழகினேன், இதைப் பாலத்தில் பழகலாம், பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். இவ்வளவிலேயே பாதிப் பிரச்சினை போய்விட்டது. பல காற்று ஃபோர்க்குகளில் உள்ளே ஸ்பேசர் வைத்தோ காற்றுத் தண்டை மாற்றியோ டிராவலையே குறைக்கவும் வழி உண்டு. என்னுடையதில் அதற்கான சாமான் கிடைக்கவில்லை. விற்றுவிட்டேன், 7,500 ரூபாய்க்கு. நஷ்டத்தை வீட்டில் 1,000 ரூபாய் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அடுத்த தடவை வாங்கும்போது பாயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் வாங்கினேன். அவருக்கு மலை தெரியாது, ஆனால் 30 வருடம் சைக்கிளின் கப்பையும் பால்ரஸையும் பார்த்த கை. வெர்னியரை எடுத்து, ஃபிரேமுக்குள் நுழையும் ஃபோர்க்கின் கழுத்துத் தண்டை அளந்து காட்டினார். பழைய வகை நேர்த்தண்டு, மேலும் கீழும் 28.6 மில்லிமீட்டர். இப்போது வரும் நல்ல ஃபோர்க்குகள் பெரும்பாலும் டேப்பர், அதாவது மேலே அதே அளவு, கீழே ஒன்றரை அங்குலத்துக்குப் பருத்திருக்கும். என் ஃபிரேமின் கழுத்து ஒல்லி, டேப்பர் தண்டு கீழே நுழையவே நுழையாது. இது தெரியாமல் ஆன்லைனில் ஆர்டர் போட்டுத் திருப்பி அனுப்பியவர்கள் எனக்குத் தெரிந்தே இரண்டு பேர். அடுத்தது அச்சு. என் முன்சக்கரம் 9 மில்லிமீட்டர் குயிக் ரிலீஸ், லிவரை மடக்கிக் கழற்றுவோமே அது. ஃபோர்க் 15 மில்லிமீட்டர் த்ரூ ஆக்ஸில் என்றால் ஹப் மாற வேண்டும், ஹப் மாறினால் ஸ்போக் கோர்க்க வேண்டும், ஃபோர்க் விலையோடு பாதிச் சக்கர விலையும் சேரும். பழைய ஃபோர்க் வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் கேட்க வேண்டும், கழுத்துத் தண்டை எவ்வளவு நீளத்துக்கு வெட்டியிருக்கிறார்கள் என்று. வெட்டினதை ஒட்ட முடியாது. "தண்டு நீளம் கேட்காம வாங்குறது பொண்ணு பாக்காம நிச்சயம் பண்ற மாதிரி தம்பி" என்றார் பாய். நான் அப்படித்தான் நிச்சயம் பண்ணினேன் என்று அவரிடம் சொல்லவில்லை.

கடைசியில் கிடைத்தது 100 மில்லிமீட்டர், காற்று ஸ்பிரிங், நேர்த்தண்டு, குயிக் ரிலீஸ், 32 மில்லிமீட்டர் தடிமனில் அலுமினிய ஸ்டான்ஷன். இந்த அலுமினியத்தில்தான் பிடிவாதமாக இருந்தேன், விலை கூடினாலும். அதன் மேல் பூச்சு குரோம் போலத் துருப் பிடித்துப் பொரியாது. ஸ்டான்ஷன் உள்ளே போய்வரும் கீழ்க்கால்கள் மெக்னீசியம், பெயின்ட் உரிந்த இடத்தில் அதையும் உப்பு தின்னும்தான், அதனால் கல் பட்ட இடத்திலெல்லாம் என் மகளின் நெயில் பாலிஷைத் தொட்டு வைத்திருக்கிறேன். ஊதா நிறம். கடல் நடுவே நிற்கும் புதிய பாம்பன் ரயில் பாலத்துக்கே, 2025-ல் திறந்தார்களே, துருவுக்குப் பயந்து பாலிசிலாக்சேன் பூச்சும் ஸ்டெயின்லெஸ் கம்பியும் போட்டார்கள். என் ஃபோர்க்குக்கு நெயில் பாலிஷ்.

எடையைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். தம்பியின் மீன் தராசில் இரண்டையும் வைத்துப் பார்த்தேன், பழைய ஸ்பிரிங் ஃபோர்க் 2 கிலோ 600, புதியது 1 கிலோ 900. 700 கிராம் மிச்சம். ஆஹா என்று இருந்தது. அப்புறம் உட்கார்ந்து கணக்குப் பார்த்தால், நானும் சைக்கிளும் தண்ணீரும் சேர்ந்து 90 கிலோ, அதில் 700 கிராம் என்பது 1 சதவிகிதம்கூட இல்லை. 2 மணி நேர ஏற்றத்தில் 1 நிமிடம்கூடத் தேறாது. எடைக்காக மட்டும் ஃபோர்க் மாற்ற நினைக்கிறவர்கள் அந்தப் பணத்தில் பின்னால் பெரிய பல்சக்கரம் போடுங்கள், பெரிய பல் 28-லிருந்து 34-க்குப் போனபோது என் முழங்கால் சொன்ன நன்றியை எந்த ஃபோர்க்குக்கும் சொன்னதில்லை. தார் ரோட்டில் மட்டும்தான் ஏறுவேன் என்றால் ஷாக்கே இல்லாத நேர் ஃபோர்க் இன்னும் நல்லது, உங்கள் ஷாக் ஃபோர்க்கின் அதே உயரத்தில் கிடைப்பதாகப் பார்த்துப் போட்டுக்கொள்ளலாம். எனக்குச் சிறுமலையில் தார் விட்டு இறங்கித் தோட்டங்களுக்குப் போகும் கல்பாதைகள்தான் பிடித்தது, அதனால் ஷாக்கை விடவில்லை. வனத்துறை அனுமதி இல்லாத பாதைக்குள் போகாதீர்கள், அங்கே காட்டெருமை இருக்கிறது, அதற்கு லாக் அவுட் கிடையாது.

காற்று அடிக்கும் விஷயத்தில் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். சாதாரண பம்ப் உதவாது, ஷாக் பம்ப் என்று சின்னதாக மீட்டரோடு வரும், அதைத் தனியாக வாங்க வேண்டும். நாம் சீட்டில் உட்கார்ந்ததும் நம் எடைக்கே ஃபோர்க் கொஞ்சம் அமுங்கும், அதற்குப் பேர் ஸாக். ஏறுவதை நினைத்து வைப்பதென்றால் டிராவலில் 15-லிருந்து 20 சதவிகிதம், எனக்கு 15 முதல் 20 மில்லிமீட்டர். எவ்வளவு அமுங்கியது என்று அளக்க ஸ்டான்ஷனில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும், என் ஃபோர்க்கில் அது அறுந்துபோயிருந்தது. தூண்டில் தங்கூஸை ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டேன். சுவரைப் பிடித்து ஏறி, குலுக்காமல் உட்கார்ந்து, குலுக்காமல் இறங்கினால் தங்கூஸ் நகர்ந்த தூரம்தான் ஸாக். குறைவாக அமுங்கினால் காற்றைக் கொஞ்சம் விடு, அதிகம் என்றால் அடி. பம்ப்பைக் கழற்றும்போது உஸ் என்று வருவது குழாயில் இருந்த காற்று, ஃபோர்க்கின் காற்று இல்லை. மறுபடி மாட்டினால் மீட்டர் குறைத்துக் காட்டும், அது குழாயை நிரப்பப் போன காற்று, லீக் இல்லை. நான் இது புரியாமல் ஒரு சாயங்காலம் முழுக்க மாட்டிக் கழற்றி மாட்டிக் கழற்றி, ஃபோர்க் ஓட்டை என்று பாயிடம் போய் நின்றிருக்கிறேன்.

அதே போல இன்னொன்று. உச்சிப்புளியில் மத்தியான வெயிலில் 100 பி.எஸ்.ஐ. அடித்துக்கொண்டு போய், விடிகாலையில் திண்டுக்கல் அடிவாரத்தில் உட்கார்ந்தால் ஃபோர்க் மெத்தென்று இருந்தது. லீக் இல்லை, குளிர். 15 டிகிரி இறங்கினால் உள்ளே காற்றும் சுருங்கி 5, 6 பி.எஸ்.ஐ. குறைந்துவிடுகிறது. அதிலிருந்து ஸாக்கை வீட்டில் பார்ப்பதில்லை, ஏறப்போகும் இடத்தில், ஏறப்போகும் நேரத்தில்தான்.

லாக் அவுட்டை எப்போதும் பூட்டி வைக்க வேண்டும் என்று நினைத்ததும் தப்பு. தார் வளைவுகளில் பூட்டு, எழுந்து மிதித்தாலும் ஆடாது. கல்பாதையில் பூட்டினால் முட்டைக்கல் ஒவ்வொன்றும் முன்சக்கரத்தை நெஞ்சில் கை வைத்துத் தள்ளுவது போல நிறுத்தும், திறந்து விட்டால் சக்கரம் கல்லை விழுங்கிக்கொண்டு ஏறும். மலிவான ஃபோர்க்கைப் பூட்டிக்கொண்டு பள்ளத்தில் விட்டால் உள்ளே உடையும். நல்லவற்றில் பலமான அடி விழுந்தால் தானே திறந்துகொள்ள ஏற்பாடு இருக்கும். ஹேண்டிலிலேயே சுவிட்ச் வைத்த ரிமோட் வசதிதான், ஆனால் அதற்கு ஒரு கேபிள், கேபிளுக்கு உப்பு, ஆறு மாதத்தில் இறுகிவிடும். எனக்கு ஃபோர்க் தலையில் திருகும் லிவரே போதும், ஒரு கையை எடுக்கத்தான் வேண்டும், வளைவுக்கு முன்னாலேயே எடுத்துவிடுவேன்.

பராமரிப்பில் ஒரு கொடுமையும் நடந்தது. படகு இன்ஜின் வேலை பார்க்கும் உறவுக்காரர் ஒருவர், நம்ம ஊர் கிரீஸ்தான் உப்புக்குத் தாங்கும் என்று ஆசையாகச் சீலைச் சுற்றி அப்பிவிட்டார். தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை வரை ஒரு தடவை போய் வந்தேன், அந்த ரோட்டில் காற்று மணலை வாரி இறைக்கும். திரும்பி வந்து பார்த்தால் கிரீஸும் மணலும் குழைந்து சாணை பிடிக்கிற பசையாகச் சீலோரம் உட்கார்ந்திருக்கிறது. ஃபோர்க்குக்கென்று வரும் கிரீஸும் ஆயிலும்தான், அதுவும் சீலுக்கு உள்ளே. வெளியே துடைத்து வைத்தால் போதும். எங்கள் வீட்டு போர் தண்ணீரில் கழுவவும் கூடாது, காய்ந்ததும் வெள்ளையாக உப்புப் பூக்கும். கேன் தண்ணீரில் பழைய வேட்டித் துணியை நனைத்துப் பிழிந்து ஸ்டான்ஷனை ஒவ்வொரு நாளும் ஒரு துடை, இரண்டு நிமிடம். பிரஷர் வாஷ் வேண்டவே வேண்டாம், சீலைத் தாண்டித் தண்ணீரை உள்ளே தள்ளும்.

50 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை கீழ்க்கால்களைக் கழற்றி ஆயில் மாற்றச் சொல்கிறது ராக்‌ஷாக்ஸ். கடலோரத்தில் நான் 30-லேயே செய்கிறேன். அடியில் இரண்டு போல்ட், அலன் கீயால் நாலைந்து சுற்றுத் தளர்த்தி, ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டிவிட்டு, போல்ட்டை முழுக்கக் கழற்றினால் கால்கள் கழன்று வரும். காற்றை முழுக்க இறக்கிவிட்டுத்தான், இல்லையென்றால் முகத்துக்கு வரும். சீலுக்கு அடியில் ஸ்பாஞ்ச் வளையம் ஒன்று இருக்கும், அதைக் கழுவி ஆயிலில் ஊற வைக்க வேண்டும். போன மாதம் பாய் கடை வாசலில் ஐஸ்கிரீம் டப்பாவை வைத்துக் கழற்றினோம். வலது காலிலிருந்து வந்தது தேன் நிறத்தில் இருந்தது. இடது காலிலிருந்து டீ டிகாக்‌ஷன் மாதிரி வந்து, டப்பாவின் அடியில் ஒரு சிட்டிகை மணல் தங்கியது. பாய் விரலில் தொட்டு வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "இது மலை மண்ணு இல்ல தம்பி, நம்ம தனுஷ்கோடி மணலு" என்றார். இடது சீலை மாற்றியாயிற்று. தை முடிந்ததும் கொல்லிமலை, 70 வளைவு, தம்பியின் வண்டி நாமக்கல் பக்கம் லோடு போகுமா என்று கேட்டு வைத்திருக்கிறேன்.